உடலில் தங்கும் செம்பு: மருத்துவர் பதில்கள்

இளம் வயதில் காரணம் தெரியாமல் கல்லீரல் கெட்டுப்போனால் உடலில் செம்பு சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும் என்று, வில்சன் நோயைக் குறிப்பிட்டு, இரண்டு இதழ்களுக்கு முன் இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்து எழுதியவர்களில் சிலருக்கு இங்கே பதில் தருகிறேன். குடும்ப விவரங்கள் என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பத்தாம் வகுப்புவரை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தவனுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கையெழுத்து கிறுக்கலாகிவிட்டது. பேச்சு குழறியது, வாயோரம் எச்சில் வழிந்தது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபப்பட்டான். பள்ளியில் படிப்பில் அக்கறை இல்லை என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். மனநல மருத்துவரிடமும் காட்டினோம். கடைசியில் கோவையில் ஒரு மருத்துவர் கண்ணைச் சோதித்துவிட்டு வில்சன் நோய் என்றார். எங்கள் வீட்டில் பாட்டன் காலத்திலிருந்து செம்புக் குடத்துத் தண்ணீர்தான். சொந்தத் தேயிலைத் தோட்டத்தில் காப்பர் மருந்தை நான்தான் அடிப்பேன். விடுமுறை நாட்களில் அவனும் கூட வருவான். இவற்றால்தான் நோய் வந்ததா?
— ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: இல்லை. இந்த நோய் குடத்தாலும் வரவில்லை, தோட்டத்து மருந்தாலும் வரவில்லை. நீங்கள் செய்த எதனாலும் வரவில்லை. அதை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

செம்பு நம் உடலுக்கு வேண்டிய சத்துகளில் ஒன்று. சோறு, பருப்பு, கீரை என்று எதை உண்டாலும் அதிலிருந்து நாள்தோறும் ஒன்றிரண்டு மில்லிகிராம் செம்பு உள்ளே போகிறது. தேவைக்கு மேற்பட்டதைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து மலத்தின் வழியாக வெளியே தள்ளிவிடும். அப்படித் தள்ளுவதற்கு ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்துக்கான குறிப்பு 13ஆம் குரோமோசோமில் உள்ள ஏடிபி7பி என்ற மரபணுவில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என நமக்கு வரும் இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்கும் குழந்தைக்குப் பிறந்த நாள் முதலே செம்பு வெளியேறாமல் கல்லீரலில் தங்குகிறது. அங்கே இடம் போதாமல் ரத்தத்தில் வழிந்து மூளை, கண், சிறுநீரகம் என்று போய்ச் சேர ஆண்டுகள் பிடிக்கும். பெரும்பாலும் 5 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் நோய் வெளிப்படுவதற்கு அதுவே காரணம். சிறுவர்களுக்குக் கல்லீரல் கோளாறாகவும், உங்கள் மகனைப் போன்ற பதின்வயதினருக்கும் இளைஞர்களுக்கும் பல நேரங்களில் நரம்பு அல்லது மனக் கோளாறாகவும் அது தலைகாட்டும். ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு வருவதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது.

1912இல் லண்டனில் பணியாற்றிய கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர், மூளையின் ஒரு பகுதியும் கல்லீரலும் ஒருசேரக் கெடும் குடும்ப நோய் என்று இதை விரிவாக விவரித்தார். கண்ணில் தெரியும் வளையத்தை அவருக்கு முன்பே, 1902இலும் 1903இலும், ஜெர்மனியில் கேசர், ஃப்ளைஷர் என்ற இரு கண் மருத்துவர்கள் பார்த்து எழுதியிருந்தார்கள். கருவிழியின் விளிம்பில், மேற்புறத்தில் தொடங்கிப் பின் கீழ்ப்புறம், அதன் பிறகு சுற்றிலும் என்று பழுப்பு கலந்த பொன்னிறத்தில் அல்லது பச்சை நிறத்தில் செம்பு படிந்திருக்கும். நீலக் கண்ணில் அது வெறும் பார்வைக்கே தெரியலாம். நம்மவர்களின் கரிய விழியில் ஸ்லிட் லேம்ப் கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்தால்தான் தெரியும். நரம்பு பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வளையம் இருக்கும். கல்லீரல் மட்டும் பாதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்காது. ஆகவே வளையம் இல்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

கையெழுத்து மாறியதைத் தேதி சொல்லும் அளவுக்கு நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். பழைய நோட்டுகளையும் இப்போதைய நோட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோய் எப்போது தொடங்கியது என்பதை ஸ்கேன் படத்தைவிடத் தெளிவாக அது சொல்லும். பதின்வயதுப் பிள்ளையின் எழுத்தும் பேச்சும் குணமும் ஒரே ஆண்டில் மாறினால் அதைச் சோம்பல் என்று தள்ளிவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் இருக்கிறது. கைநடுக்கமோ குழறலோ உடன் இருந்தால் அது ஒழுங்குப் பிரச்சினை அல்ல என்பதை ஆசிரியர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

இனித் தோட்டத்து மருந்து. தேயிலையில் கொப்புள நோய்க்குக் காப்பர் ஆக்ஸிகுளோரைடும், உருளைக்கிழங்கில் கருகல் நோய்க்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையும் மலையில் நெடுங்காலமாக அடிக்கப்படுகின்றன. மயில்துத்தத்தை விழுங்கினால் அது விஷம். வாந்தி, ரத்த அணுச் சிதைவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று போகும். ஆனால் அது நஞ்சு ஏறுதல், வில்சன் நோய் அல்ல. ஒரு நல்ல பிரதியாவது உள்ள நீங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்து அடித்தாலும் உங்களுக்கு வில்சன் நோய் வராது. மகன் கதை வேறு. செம்பைக் கழிக்க முடியாதவன் என்பதால் கலக்குவது, தெளிப்பது, டிரம் கழுவுவது ஆகிய எல்லாவற்றிலிருந்தும் அவனை விலக்கி வையுங்கள். செம்புக் குடத்துத் தண்ணீரும் அவனுக்கு வேண்டாம். எவர்சில்வர் பானைக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: என் மூத்த மகளுக்கு மஞ்சள் காமாலை என்று தொடங்கி வில்சன் நோய் என்று முடிந்தது. இரண்டாவது பெண்ணுக்கு 9 வயது, நன்றாக ஓடியாடுகிறாள். அவளுக்கும் சோதனை வேண்டும் என்கிறார்கள். நானும் என் கணவரும் அத்தை மகன், மாமன் மகள். நோயே இல்லாத பிள்ளையை எதற்கு ஊசியால் குத்த வேண்டும் என்கிறார் மாமியார்.
— ஒரு தாய், குன்னூர்

பதில்: உங்கள் மாமியாரின் தயக்கம் பாசத்தால் வந்தது; ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் இருந்தால் அதே தாய் தந்தையின் மற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் திருமணம் செய்யும்போது ஒரே மூதாதையரிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் குடும்பத்தில் அது நடந்துவிட்டது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

அறிகுறி தோன்றும் முன்பே கண்டுபிடித்து மருந்து தொடங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்துகிறார்கள். நடுக்கமும் குழறலும் வந்த பிறகு தொடங்கினால் எல்லாம் திரும்பி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. ஊசிக்குத்துக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதில் இழப்பது இதைத்தான்.

செய்ய வேண்டியவை: ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவு, கல்லீரல் சோதனைகள், ஸ்லிட் லேம்பில் கண் பரிசோதனை, 24 மணி நேரச் சிறுநீரில் செம்பின் அளவு. செருலோபிளாஸ்மின் என்பது ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம்; டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். எனினும் ஒரு பழுதுப் பிரதி மட்டும் உள்ளவர்களுக்கும் அது சற்றுக் குறையலாம், அவர்களுக்கு நோய் வராது. ஆகவே ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. மூத்த மகளின் மரபணுப் பழுது எது என்று தெரிந்திருந்தால், தங்கைக்கு அதே இடத்தை மட்டும் பார்ப்பதுதான் மிகத் தெளிவான விடை. பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகளுக்கு இந்த நோயில் நீண்ட அனுபவம் உண்டு.

சிறுநீர்ச் சோதனையில் தவறு நேர்வது ஆய்வகத்தில் அன்று, பெரும்பாலும் வீட்டில்தான். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கழிப்பது அத்தனையும், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர்வரை, ஆய்வகம் கொடுத்த கேனில் சேர வேண்டும். பித்தளைச் செம்பிலோ வேறு எந்த உலோகப் பாத்திரத்திலோ பிடித்து ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் குவளை போதும். பள்ளி நாளில் இது நடக்காது, சனி ஞாயிறில் வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் பேருந்தில் கொண்டுபோகும்போது மூடி கசிந்தால் அளவு கெட்டுப்போகும். சிந்தியதை மறைக்காமல் சொல்லிவிட்டு மறுபடி எடுப்பதே மேல்.

கேள்வி: எனக்கு 24 வயது. வில்சன் நோய்க்கு 4 ஆண்டுகளாகப் பெனிசில்லமின் சாப்பிடுகிறேன். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லை. திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு குழந்தைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்திவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? பிள்ளைக்கும் இந்த நோய் வருமா?
— கூடலூர் வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் இருப்பது மருந்தால். மரபணுவின் பழுது அப்படியேதான் இருக்கிறது. மருந்து நின்றால் செம்பு மறுபடி சேரும். சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ கல்லீரல் திடீரென்று செயலிழந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. அந்த நிலையில் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம். நோயோடு வருபவர்களைவிட, குணமாகிவிட்டது என்று நம்பி மருந்தை விட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

1956க்கு முன் இந்த நோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படியான வாய்வழி மருந்து இல்லை. அந்த ஆண்டு ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெனிசில்லமின் செம்பைப் பற்றிக்கொண்டு சிறுநீரில் இழுத்து வருவதைக் காட்டினார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தவர் அவர். பெனிசில்லமின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக டிரையென்டின் என்ற மருந்தையும் பின்னர் அவரே கொண்டுவந்தார். மூன்றாவது வழி துத்தநாகம். அது குடலிலேயே செம்பைப் பிடித்து வைத்து உள்ளே ஏறாமல் தடுக்கிறது.

கருவுற்ற காலத்திலும் சிகிச்சை தொடர வேண்டும். பெனிசில்லமினாக இருந்தால் அளவைக் குறைப்பார்கள், அல்லது முன்கூட்டியே திட்டமிட்டுத் துத்தநாகத்துக்கு மாற்றுவார்கள். இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர், பேசத் தகுந்த நேரம் திருமணத்துக்கு முன். இன்னொன்றும் உண்டு: கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைப் பெனிசில்லமினோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் ஏறுவது குறையும். இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் விடுங்கள். உங்கள் மருந்துச் சீட்டைச் செவிலியரிடம் காட்டிவிட்டால் அவர் நேரம் பிரித்துத் தருவார். பெனிசில்லமினை வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் பின்போ சாப்பிட வேண்டும் என்பதையும், அதோடு பி6 வைட்டமின் மாத்திரை சேர்ந்தே வர வேண்டும் என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் அணுக்களின் எண்ணிக்கை இரண்டையும் உரிய காலத்தில் பார்த்துவருவது எத்தனை ஆண்டு ஆனாலும் தவறக் கூடாது.

பிள்ளையைப் பற்றி: உங்களிடமிருந்து ஒரு பழுதுப் பிரதி பிள்ளைக்குக் கட்டாயம் போகும். நோய் வர வேண்டுமானால் தந்தையிடமிருந்தும் ஒன்று வர வேண்டும். பொதுவில் ஏறக்குறைய 90 பேரில் ஒருவர் பழுதுப் பிரதியைச் சுமப்பவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில், சொந்தமல்லாத கணவரென்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏறத்தாழ 180இல் ஒரு பங்கு வாய்ப்புதான். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதெல்லாம் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. வாழ்நாள் முழுதும் நாளுக்குப் பல வேளை சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒளித்துச் சாப்பிடுவது நடவாத காரியம். ஒளிக்கத் தொடங்கினால் வேளை தவறும், தவறினால் நிற்கும். சொல்லிவிடுங்கள்.

கேள்வி: செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லார் கையிலும் செம்புப் பாட்டில். நீங்களோ பயமுறுத்துகிறீர்கள். எது சரி? என் அம்மா காலத்தில் பால் குடிக்கும் குழந்தைகள் வயிறு வீங்கி, ஈரல் கல்லாகி இறந்துபோனதாகச் சொல்வார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், உதகை

பதில்: நோய் இல்லாதவர்களுக்குச் செம்புக் குடத்தில் வைத்த வெறும் தண்ணீரால் தீங்கு இல்லை, உடல் அதைக் கழித்துக்கொள்ளும். அதே சமயம் மருந்து என்று எண்ணிக் குடிக்கவும் வேண்டாம், உணவிலேயே போதிய செம்பு இருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள் செம்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் போன்றவற்றைப் பூச்சில்லாத செம்பில் ஊற்றி வைத்தால் கதை மாறும். புளிப்பு செம்பைக் கரைக்கும், குமட்டலும் வயிற்றுவலியும் வரும்.

உங்கள் தாயார் சொன்னது உண்மை நிகழ்வு. இந்தியக் குழந்தைக் கல்லீரல் இறுக்க நோய் என்று மருத்துவ நூல்களில் பெயர் பெற்ற அது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீடு வீடாகக் கொண்டுபோயிற்று. 1980களில் புனேயில் நடந்த ஆய்வுகளில், தாய்ப்பாலுக்குப் பதிலாக மாட்டுப்பாலையோ எருமைப்பாலையோ பூச்சில்லாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி, அதிலேயே வைத்திருந்து கொடுத்த குடும்பங்களில் இந்நோய் மிகுந்திருந்தது தெரியவந்தது. பாலில் உள்ள புரதம் செம்பைப் பற்றிக்கொள்கிறது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலுக்கோ அதைக் கழிக்கும் திறன் முதிர்ந்திருப்பதில்லை. எவர்சில்வர் பாத்திரம் பரவியதும் நோய் அருகிப்போய், இன்று இளம் மருத்துவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. வில்சன் நோயோடு அதற்குள்ள தொடர்பு, இரண்டிலும் கல்லீரலில் செம்பு தங்குகிறது என்பது மட்டுமே. பாட்டி வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தை ஆசைக்கு எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஈயம் பூசிப் பயன்படுத்துங்கள். கைக்குழந்தையின் பாலை அதில் வைக்கவே வேண்டாம்.

கேள்வி: வில்சன் நோயாளி சாப்பிடக் கூடாதவை எவை? ஊருக்கு வருபவர்கள் வாங்கிவரும் சாக்லேட்டைக்கூடத் தொட விடுவதில்லை.
— அருவங்காடு வாசகர்

பதில்: ஈரல், நண்டு, இறால், சிப்பி, முந்திரி முதலிய கொட்டைகள், எள், காளான், சாக்லேட் ஆகியவற்றில் செம்பு மிகுதி. சிகிச்சையின் முதல் ஆண்டில் இவற்றை விலக்கவும். பின்னர் செம்பின் அளவு கட்டுக்குள் வந்ததும் விசேஷ நாளில் ஒரு துண்டு சாக்லேட் தின்பதால் குடிமுழுகிப் போகாது. ஆட்டு ஈரல் வறுவல் மட்டும் எப்போதும் வேண்டாம். தேநீருக்குத் தடையில்லை. பத்தியம் மருந்துக்குத் துணையே தவிர மாற்று அல்ல. தாமிர பற்பம் சேர்ந்த சித்த மருந்துகளை இவர்கள் எடுக்கக் கூடாது. சித்த மருத்துவரிடம் போனால் நோயின் பெயரை முதலிலேயே சொல்லுங்கள். மது அறவே ஆகாது.

கேள்வி: என் அக்காவின் ஆண் குழந்தை மூன்றாம் மாதத்திலிருந்து வலிப்பு வந்து, தலை நிற்காமல், இரண்டு வயதில் இறந்துவிட்டது. முடி வெளுத்து, முறுக்கிக்கொண்டு, தொட்டால் உடைந்துவிடும். மென்கீஸ் நோய், அதுவும் செம்புக் கோளாறுதான் என்றார்கள். நான் இப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. எங்கள் பிள்ளைக்கும் வருமா? செம்பைக் குறைத்துச் சாப்பிட வேண்டுமா?
— மஞ்சூர் வாசகி

பதில்: உணவில் எதையும் குறைக்காதீர்கள். மென்கீஸ் நோய் வில்சன் நோய்க்கு நேர் எதிர்: வில்சனில் செம்பு வெளியேறும் வழி அடைபடுகிறது, மென்கீஸில் உள்ளே வரும் வழி அடைபடுகிறது. குடலின் செல்களில் செம்பு தேங்கி நிற்க, மூளையும் எலும்பும் முடியும் பட்டினி கிடக்கின்றன. இரண்டிலும் செருலோபிளாஸ்மின் குறைவாகவே காட்டுவதால் குழப்பம் வரலாம். 1962இல் ஜான் மென்கீஸ் இதை விவரித்தபோது காரணம் தெரியவில்லை. பத்தாண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் டேவிட் டேங்ஸ் என்ற மருத்துவர், இக்குழந்தைகளின் முடி செம்புச் சத்தில்லாத மண்ணில் மேயும் ஆடுகளின் கம்பளியைப் போல இருப்பதைக் கவனித்துக் காரணத்தைப் பிடித்தார்.

இதன் மரபணு, ஏடிபி7ஏ, எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் நோய் ஏறக்குறைய எப்போதும் ஆண் குழந்தைகளுக்கே வருகிறது. சுமப்பவர்களான பெண்கள் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் பழுது அந்தக் குழந்தையிடம் புதிதாகத் தோன்றியதாக இருக்கும். அப்படியானால் உங்களுக்குக் கவலை இல்லை. உங்கள் தாயாரிடமிருந்து வந்ததென்றால் உங்களிடமும் இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. இருந்தால் பிறக்கும் ஆண் குழந்தைக்கு நோய் வரவும் பாதி வாய்ப்பு. ஆகவே இறந்த குழந்தையின் மரபணு அறிக்கை இருந்தால் அக்காவிடம் இன்றே கேட்டு வாங்குங்கள். இல்லையேல் அக்காவின் ரத்தத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் சுமப்பவர் என்று தெரிந்தால் 11ஆம் வாரம் முதல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்க முடியும். நாள் குறைவாக இருப்பதால் அடுத்த மாதச் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் செம்பு எல்லாருக்கும் குறைவாகவே இருக்கும் என்பதால் அந்தச் சோதனை முதல் வாரங்களில் ஏமாற்றும். மரபணுச் சோதனையே வழி. நோய் உறுதியானால் காப்பர் ஹிஸ்டிடினேட் ஊசியைப் பிறந்த முதல் மாதத்துக்குள் தோலுக்கடியில் போடத் தொடங்க வேண்டும். வலிப்பு வந்த பிறகு தொடங்கினால் பயன் மிகக் குறைவு. முன்பே தொடங்கினாலும் பழுதின் தன்மையைப் பொறுத்தே பலன். அக்காவின் குழந்தைக்கு யாரும் எதையும் செய்யத் தவறவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று ஜிங்க் மாத்திரை தொடங்கினேன், இன்றுவரை விடவில்லை, சில நாள் இரண்டாகவும் போடுவேன். வயது 61. சில மாதங்களாகக் கால் மரத்து, இறக்கத்தில் நடக்கும்போது தள்ளாடுகிறது. ரத்தசோகையும் இருக்கிறது என்கிறார்கள்.
— வெலிங்டன் வாசகர்

பதில்: துத்தநாகம் குடலில் செம்பைத் தடுக்கும் என்று மேலே சொன்னேன். வில்சன் நோயாளிக்கு மருந்தாவது உங்களுக்குக் கேடாகலாம்: ஆண்டுக்கணக்கில் மிகுதியாக எடுத்தால் செம்புக் குறைபாடு ஏற்பட்டு, ரத்தசோகையும் வெள்ளணுக் குறைவும் தண்டுவடப் பாதிப்பும் வரும். பி12 குறைவும் அச்சாக இதே போலத் தள்ளாட வைக்கும். மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். பி12, செம்பு, துத்தநாகம், செருலோபிளாஸ்மின் ஆகிய நான்கையும் ரத்தத்தில் பார்க்கச் சொல்லி, காலி மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப்போய் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். செம்புதான் குறைவு என்றால் அதைக் கொடுத்ததும் ரத்தசோகை சில வாரங்களில் சரியாகும். கால் மரப்பு அவ்வளவு விரைவில் போகாது, முழுவதும் போகாமலும் இருக்கலாம் என்பதால் தாமதிக்காதீர்கள்.